அந்த பெஞ்சில் அன்று யார், இன்று யார்?

அரசு மேல்நிலைப் பள்ளிகளில் நடக்கும் பழைய மாணவர் சந்திப்புகளில், பந்தி போடுவதற்கு முன் யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்து இதைச் சொல்லாமல் விடுவதில்லை: “எங்க காலத்துல இந்த ஸ்கூல்ல இருந்த ஸ்டாண்டர்டு இப்ப எங்கய்யா இருக்கு?” கைதட்டல் பலமாக விழும். கைதட்டுகிறவர்கள் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், மின்வாரியப் பொறியாளர், பேராசிரியர், பத்து ஏக்கர் விவசாயி. எல்லோரும் தேறியவர்கள். அதே வகுப்பில் அவர்களோடு உட்கார்ந்திருந்து பரீட்சையில் கோட்டடித்தவர்கள் வாட்ஸ்அப் குழுவிலும் இல்லை, பந்தியிலும் இல்லை.

அரசாங்கம் சொல்லும் கணக்கோ நேர் எதிர். 2025இல் பிளஸ் டூ தேர்ச்சி மாநில அளவில் 95.03 சதவீதம். அரசுப் பள்ளிகளை மட்டும் எடுத்தால் 91.94. பத்தாம் வகுப்பில் அரசுப் பள்ளிகள் 91.26. எழுபதுகளில் ஒரு தலைமையாசிரியரிடம் போய், உங்கள் பள்ளியில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தேறுவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால், கிண்டல் செய்கிறான் என்று விரட்டியிருப்பார். பாதிப் பேர் தேறினால் அந்தப் பள்ளிக்கு நல்ல பெயர்.

தரம் விழுந்துவிட்டது என்பவரும் தேர்ச்சி ஏறிவிட்டது என்பவரும் ஒரே பள்ளியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பெயர்ப்பலகை அதேதான். ஓட்டுக் கட்டடம் போய் கான்கிரீட் வந்திருக்கும், வேப்பமரம் நிற்கும் அல்லது நிற்காது. ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் வேறு. யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்காமல் எத்தனை பேர் தேறினார்கள் என்று மட்டும் கேட்பதால்தான் இந்த வழக்கு தீராமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஊர்ப் பள்ளியின் விழா மலர் வேலைக்காகப் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிடைத்தது. ஊரும் பெயர்களும் இங்கே வேண்டாம். எந்தத் தாலுகா தலைநகரிலும் இப்படித்தான் இருக்கும். ஓரம் கரையான் அரித்த நீளப் புத்தகம், நீல மை, வரிசை எண், பெயர், பிறந்த தேதி, சாதி, தகப்பனார் தொழில். அந்தத் தொழில் பத்தியை மேலிருந்து கீழாக விரலை வைத்து வாசித்தால் ஊரே எழுந்து நிற்கிறது. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. விவசாயம். ஜவுளிக்கடை. ஆசிரியர். விவசாயம். கர்ணம். ரைஸ் மில். தபால்காரர். சலவைத் தொழில். விவசாயம். டாக்டர். எப்போதாவது, பக்கத்துக்கு ஓரிரண்டு, ‘கூலி’.

டாக்டர் மகனும் சலவைக்காரர் மகனும் அடுத்தடுத்த வரியில் இருப்பதைப் பார்த்ததும் நெஞ்சு நிறைந்துபோகும். அந்தக் காலத்துப் பள்ளியைப் பற்றிய பெருமைப் பேச்சு முழுக்க இந்த வரிகளிலிருந்துதான் பிறக்கிறது. அதில் பொய்யும் இல்லை. அதே ஊரில் குடியிருந்த வாத்தியாரின் பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது அவர் பாடத்தை ஏனோதானோவென்று நடத்திவிட முடியாது. தாசில்தார் வீட்டுப் பையன் படிக்கும் பள்ளியில் குடிதண்ணீர்த் தொட்டி உடைந்தால் ஒரு வாரத்தில் கொத்தனார் வந்துவிடுவார்.

ஆனால் அந்தப் பதிவேட்டின் கடைசிப் பத்திகளையும் வாசிக்க வேண்டும். பள்ளியை விட்டு நீங்கிய தேதி, நீங்கும்போது படித்த வகுப்பு, காரணம். கூலி என்று எழுதியிருக்கும் வரிகளுக்கு நேரே விரலை வலப்பக்கம் நகர்த்தினால், ஏழாவது, எட்டாவது, அதிகம் போனால் ஒன்பதாவது. காரணம் என்ற இடத்தில் ‘நீண்ட நாள் வராமை, பெயர் நீக்கம்’ என்று ஒரே கையெழுத்தில் திரும்பத் திரும்ப. பெண் பிள்ளைகள் பெயருக்கு நேரே ஆறாவது, ஏழாவது. அதற்கு மேல் பெரும்பாலும் கோடுதான். வயதுக்கு வந்துவிட்டாள் என்று பதிவேட்டில் யாரும் எழுதுவதில்லை. சேரியிலிருந்து வந்த பிள்ளைகளின் வரிகள் எண்ணிக்கையிலும் குறைவு, நீளத்திலும் குறைவு. பல ஊர்களில் அவர்களுக்கென்று தனியாக ஆதிதிராவிடர் நலப் பள்ளி இருந்தது, இன்றும் இருக்கிறது.

ஆக, அன்றைய உயர்நிலைப் பள்ளி ஒரு சல்லடை. கண் பெரிதாக இருக்கும்போதே தப்பித்து மேலே நின்றவர்கள்தான் கடைசி வகுப்பு வரை போனார்கள். 1978 வரை பள்ளிப் படிப்பு பதினோரு வருடம், அதன் முடிவில் எஸ்.எஸ்.எல்.சி. பிறகு கல்லூரிக்குப் போய் ஒரு வருடம் பி.யூ.சி. 1978இல் பிளஸ் டூ முறை வந்தது, அதன் முதல் பொதுத்தேர்வு 1980இல் நடந்தது. எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுக்கு வந்து சேர்வதற்குள் ஒவ்வொரு வருடமும் ஒரு வடிகட்டல். ஒன்பதாவதில் தேறாதவன் திரும்பவும் ஒன்பதாவது. தம்பியோடு ஒரே வகுப்பில் உட்காரக் கூச்சப்பட்டு மூட்டைதூக்கப் போனவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. எல்லாம் தாண்டி எழுதியவர்களிலும் பாதிப் பேருக்கு மாலைப் பத்திரிகையில் நம்பர் வராது. பஸ் ஸ்டாண்டு கடையில் பேப்பரைப் பிடுங்கி, தன் நம்பருக்கு முந்தைய நம்பரும் பிந்தைய நம்பரும் இருப்பதைப் பார்த்துவிட்டு, அச்சுப் பிழையாக இருக்கும் என்று மறுநாள் காலைப் பேப்பருக்குக் காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். அதன் பிறகு டுடோரியல், அக்டோபர் தேர்வு, இல்லையென்றால் திருப்பூருக்கோ பம்பாய்க்கோ பஸ்.

மைக்கைப் பிடித்தவர் சொல்லும் ஸ்டாண்டர்டு இந்தச் சல்லடையின் மேல் தங்கியவர்களுடையது. அவர்களுக்கு ஆங்கிலக் கட்டுரையும் அல்ஜீப்ராவும் நன்றாகவே வந்தன, மறுக்கவில்லை. கீழே போனவர்களை யாரும் அந்தப் பள்ளியின் தோல்வியாக எண்ணவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன். “படிப்பு ஏறல” என்று பிள்ளையின் மேல் போட்டுவிட்டு ஊர் நகர்ந்தது.

பிறகு இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் நடந்தன. வசதி உள்ளவர்கள் வெளியே போனார்கள். இல்லாதவர்கள் உள்ளே வந்து நிலைத்தார்கள். வந்த கதை நீளம். போன கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம்.

மெட்ரிகுலேஷன் பள்ளிகள் ஒரு காலத்தில் பல்கலைக்கழகங்களின் கீழ் இருந்தன. எழுபதுகளின் பிற்பகுதியில் மாநில அரசின் நிர்வாகத்துக்கு மாறின. அப்போது மாநிலம் முழுக்கவே அவை சொற்பம். எண்பதுகளில் சிற்றூர்களின் கல்யாண மண்டபங்களிலும் மாடி வீடுகளிலும் நர்சரிப் பள்ளிகள் முளைத்தன. முதலில் போனது அதிகாரிகளின் பிள்ளைகள், அடுத்து வியாபாரிகள், அடுத்து ஆசிரியர்களின் பிள்ளைகள். இந்த மூன்றாவதுதான் பெரிய அடி. தன் பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டு ஊரார் பிள்ளைக்குப் பாடம் நடத்தப் போகும் ஆசிரியரைக் குறை சொல்வது சுலபம்; அவரைப் போல மாதச் சம்பளம் வாங்கும் யாரும் வேறு மாதிரிச் செய்யவில்லை. தொண்ணூறுகளில் ஆட்டோ ஓட்டுநரும் போனார். இரண்டாயிரத்துக்குப் பிறகு வட்டிக்கு வாங்கியாவது பையனை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டுவிட வேண்டும் என்று கூலித் தொழிலாளியும் போனார்.

பையனை என்று சொன்னேன். பல வீடுகளில் பையன் வேனில் போக, அக்காவோ தங்கையோ அரசுப் பள்ளிக்கு நடந்து போவதை இன்றைக்கும் பார்க்கலாம்.

வந்தவர்களின் கதைக்கு அடுப்படியில் இருந்துதான் தொடங்க வேண்டும். காமராஜர் 1956இல் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார்; இரண்டு ஆண்டுகளில் அது பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கும் நீண்டது. இதை ஓட்டுக்குச் செய்தது என்று அன்று எழுதிய பொருளாதார மேதைகள் உண்டு. அப்படியே இருக்கட்டும், ஓட்டுக்காகவாவது ஒருவர் பிள்ளையின் வயிற்றை நினைத்தாரே! மதியம் சோறு கிடைக்கும் என்றால் ஆடு மேய்க்கப் போகிற பிள்ளை பள்ளிக்கு வரும். வந்த பிள்ளை மத்தியானத்துக்கு மேலும் இருக்கும்.

ஆனால் தொடக்கப் பள்ளி வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும், உயர்நிலைப் பள்ளி ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். பெண் பிள்ளைகள் ஐந்தாவதோடு நின்றதற்குப் பாதிக் காரணம் இந்தத் தூரம்தான். 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு 5,000 ரூபாய் தரும் திட்டம் வந்தது. பெண் எட்டாவது வரை படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பிற்பாடு அது பத்தாவது ஆனது. கல்யாணத்துக்குக் காசு தருகிறேன், அதற்காகவாவது படிக்க வை என்று கெஞ்சுவது போன்ற திட்டம். பெண் கல்வியாளர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்துத் தகப்பன்மார்களுக்கு அந்தக் கணக்கு உடனே புரிந்தது. ஏழாவதோடு நிறுத்த இருந்த பெண்ணை, “இன்னும் ஒரு வருசம் போகட்டுமே” என்று விட்டுவைத்தார்கள். அந்த ஒரு வருடத்தில் அவளுக்கே மேலே படிக்கும் ஆசை வந்துவிடும் என்று திட்டம் போட்டவர்கள் எதிர்பார்த்தார்களோ என்னவோ. பிறகு மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் வந்தது, இலவச சைக்கிள் வந்தது. ஒரே நிறத்துச் சைக்கிள்களில் பெண் பிள்ளைகள் வரிசையாகப் போகும் காட்சி இரண்டாயிரத்துக்கு முன் கிராமத்துச் சாலைகளில் கிடையாது. சைக்கிள் அவளுடையது, அண்ணனுடையது இல்லை. இந்த வித்தியாசம் வீட்டுக்குள் பெரியது.

2022 செப்டம்பரில் அந்தத் திருமண உதவித் திட்டத்தையே புதுமைப் பெண் திட்டமாக மாற்றினார்கள். ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய், அவள் பெயரிலேயே வங்கியில். கல்யாணத்தை விட்டுப் பணம் படிப்புக்கு நகர்ந்ததற்கு முப்பத்துமூன்று வருடம் ஆனது. 2024 ஆகஸ்டில் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று அதே தொகை வந்தது. பையன்களுக்கு ஏன் என்று கேட்டவர்கள் தேர்வு முடிவைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். 2025 பிளஸ் டூவில் பெண்கள் 96.70, ஆண்கள் 93.16. பத்தாவதை முடித்ததும் பெயிண்ட் வேலைக்கும் மெக்கானிக் ஷாப்புக்கும் கேட்டரிங்குக்கும் போய்விடுகிறவன் பையன்தான். வாரம் இரண்டு நாள் கேட்டரிங் போனால் செல்போனுக்கும் பைக்குக்கும் பெட்ரோலுக்கும் காசு. அவனை வகுப்பில் உட்கார வைப்பது இன்றைய ஹெச்.எம். ஒருவரின் தலையாய வேலை.

இன்றைய வகுப்பறைக்குள் போவோம். இன்று பதிவேடு புத்தகமாக இல்லை. எமிஸ் என்கிற இணையப் பதிவில் இருக்கிறது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண். அதில் விவரம் ஏற்றியே எங்கள் உயிர் போகிறது என்று ஆசிரியர்கள் புலம்புவார்கள், நியாயமான புலம்பல். தொழில் பத்தியில் இப்போது கூலிதான் முக்கால்வாசி. கட்டட வேலை, ஓட்டுநர், பனியன் கம்பெனி, நூறு நாள் வேலை. சிலருக்குத் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் ‘லேட்’. சிலர் பாட்டி வீட்டில் இருக்கிறார்கள், தாயும் தகப்பனும் கேரளாவிலோ பெங்களூரிலோ கட்டட வேலையில். திருப்பூர்ப் பக்கம் போனால் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் ‘ழ’கரத்தை நம்மவர்களைவிடச் சுத்தமாகச் சொல்கிறார்கள். வேறெந்தப் பள்ளியும் அவர்களைச் சேர்த்திருக்காது.

இன்னொரு வகையும் உண்டு. ஜூன் மாதம் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை நடக்கும்போது ஹெச்.எம். அறை வாசலில் நின்றால் தெரியும். தனியார் பள்ளியில் பத்தாவது வரை பணம் கட்டிப் படித்த பையன், கையில் டிசியோடு அம்மாவுக்குப் பின்னால் நிற்பான். “அங்க எடம் இல்லன்னுட்டாங்க சார்” என்பார் அம்மா. இடம் இல்லாமல் இல்லை. மதிப்பெண் குறைவு, நூறு சதவீத போர்டுக்கு இவன் ஆபத்து. அரசுப் பள்ளி யாரையும் முடியாது என்று சொல்லி அனுப்ப முடியாது. தனியார் பள்ளிகளின் தேர்ச்சி 98ஐத் தாண்டி நிற்பதையும் அரசுப் பள்ளி 92க்குக் கொஞ்சம் கீழே நிற்பதையும் அடுத்தடுத்த கட்டத்தில் போட்டு ஒப்பிடும்போது இந்தப் பையன் எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு வந்தான் என்பது அதில் தெரியாது. என்னைக் கேட்டால் அந்த ஏழு புள்ளி இடைவெளி ஆச்சரியமான அளவுக்குச் சின்னது.

அதற்காகத் தேர்ச்சிச் சதவீதத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டியதில்லை. முப்பத்தைந்து வாங்கினால் தேர்ச்சி. அறிவியல் பாடங்களில் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 போக, எழுத்துத் தேர்வே 70 மதிப்பெண்ணுக்குத்தான். ஜனவரி பிறந்துவிட்டால் பாடம் நடத்துவது நின்றுவிடும். ‘மெல்லக் கற்போர் கையேடு’ வந்துவிடும். ஒரு மதிப்பெண் வினாக்கள், திரும்பத் திரும்பக் கேட்கப்படும் இரண்டு மதிப்பெண் வினாக்கள், வரைபடம், கிராஃப். மாலை ஆறரை வரை சிறப்பு வகுப்பு, நடுவில் ஆசிரியர்களே காசு போட்டு வாங்கித் தரும் சுண்டல். கணக்கில் கிராஃபையும் ஜியோமெட்ரியையும் மட்டும் கையைப் பிடித்துப் போட வைத்துப் பையனைக் கரையேற்றிவிடும் ஆசிரியைகளை நான் அறிவேன். அவர்களைக் கும்பிடத்தான் தோன்றும். ஆனால் கரையேறிய பையனுக்குச் செய்தித்தாளின் ஒரு பத்தியைத் தடங்கலில்லாமல் வாசிக்க வருமா என்றால், சிலருக்கு வராது. எட்டாவது வரை யாரையும் நிறுத்தக் கூடாது என்பது சரியான விதி. நிறுத்தாத பிள்ளைக்கு நடுவில் எழுத்துக் கூட்டச் சொல்லித் தர ஆள் போடாததுதான் தவறு. தமிழாசிரியர் பணியிடம் காலியாக இருக்கும். பெற்றோர் ஆசிரியர் கழகம் சொற்பச் சம்பளத்தில் ஒருவரை வைத்து ஒப்பேற்றும்.

தேர்ச்சிக்கு ஓடுவதில் தனியார் பள்ளிகள் செய்த கூத்தை இங்கே சொல்லாமல் போனால் கணக்கு ஒருதலையாகிவிடும். நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்கு ஒரு காலத்தில் மாநிலம் முழுவதிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை இரண்டு வருடம் உருப்போட வைப்பதுதான் அங்கே ரகசியம். ‘பிராய்லர் பள்ளி’ என்று பெயரே வந்தது. அந்தக் குறுக்கு வழியை அடைக்கத்தான் 2018இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். முந்தைய ஆண்டே, 2017இல், மாநில முதலிடம் இரண்டாமிடம் என்று ரேங்க் அறிவிப்பதையும் நிறுத்தினார்கள். போட்டோவுக்கு லட்டு ஊட்டும் வைபவம் அத்தோடு குறைந்தது. 2025இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அந்தப் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டது. பிள்ளைகளுக்கு மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்ற பாரம் குறைந்தது நல்லதுதான். விடுதிப் பள்ளிகளும் சந்தோஷப்பட்டிருக்கும்.

மருத்துவக் கல்லூரி வாசலில் இந்த மாற்றங்கள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. 2017இல் நீட் வந்த பிறகு அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் முதல் சில ஆண்டுகளில் ஒற்றை இலக்கத்தில் இருந்தார்கள். நீட்டுக்கு முன்பு மட்டும் ஆஹா என்று இருந்ததா என்றால், ஆயிரக்கணக்கான இடங்களில் அப்போதும் சில பத்துப் பேர்தான். டாக்டர் வீட்டுப் பையன் அரசுப் பள்ளியை விட்டுப் போன அன்றே மருத்துவ இடமும் அவனோடு போய்விட்டது. நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரையை அடுத்து 2020இல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. ஆளுநர் கையெழுத்துக்காக அந்த மசோதா காத்துக் கிடந்த வாரங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். முதல் ஆண்டிலேயே மருத்துவம், பல் மருத்துவம் சேர்த்து ஏறத்தாழ 400 இடங்கள். மறு ஆண்டு பொறியியல், வேளாண்மைக்கும் அது விரிந்தது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே கட்டுகிறது. ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதால், கணக்குப் போடத் தெரிந்த சில பெற்றோர் ஐந்தாவது முடிந்ததும் பிள்ளையைத் தனியாரிலிருந்து மாற்றுகிறார்கள். வரட்டும். அப்படி ஒரு குமாஸ்தா வீட்டுப் பிள்ளை வகுப்புக்குத் திரும்பி வந்தால், கூடவே ஏன் சார் பிசிக்ஸ் வாத்தியார் இல்லை என்று கேட்கும் ஓர் அப்பாவும் திரும்பி வருவார்.

மாவட்டத்துக்கு மாவட்டம் தொடங்கப்பட்டிருக்கும் மாதிரிப் பள்ளிகள் விஷயத்தில் எனக்கு முழு மனது இல்லை. சாதாரண அரசுப் பள்ளிகளில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, விடுதியில் வைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள், ஐ.ஐ.டி. வரை போகிறார்கள், படம் பத்திரிகையில் வருகிறது. அந்தப் பிள்ளை எழுந்துபோன பெஞ்சில் மிச்சம் இருப்பவர்களுக்குச் சந்தேகம் சொல்லித்தர இருந்த ஒரே ஆளும் போய்விடுகிறாள். எண்பதுகளில் வசதியானவர்கள் செய்ததை இப்போது அரசே செய்கிறது.

பழைய பதிவேட்டின் சாதிப் பத்திக்கு என்ன ஆயிற்று என்று கேட்கலாம். பெஞ்சு கலந்துவிட்டது, பக்கத்துக்கு ஓரிரண்டாக இருந்த வரிகள் இப்போது பக்கம் நிறைய. கலந்த பெஞ்சில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பியிருந்தவர்களுக்கு 2023 ஆகஸ்டில் நாங்குநேரி செய்தி வந்தது: நன்றாகப் படிக்கும் ஒரு தலித் மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு, பள்ளிப் பெயரில் ஒட்டியிருக்கும் சாதி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் பொதுக் கல்வித்துறையோடு சேர்ப்பது என்று எல்லாவற்றையும் பேசியது. முன்பு சேரிப் பையன் ஏழாவதோடு போய்விட்டதால் இந்தச் சண்டைக்கே இடமில்லாமல் இருந்தது. இப்போது அவன் பன்னிரண்டாவது வரை இருக்கிறான், முதல் மதிப்பெண்ணும் வாங்குகிறான். அது சிலருக்குப் பொறுக்கவில்லை.

ஆனாலும் கணக்கில் ஏதோ நடந்திருக்கிறது என்பதற்கு அரியலூரைப் பார்க்கலாம். சிமெண்ட் ஆலைப் புழுதியும் மானாவாரி முந்திரியும் பின்தங்கிய மாவட்டம் என்ற பட்டமுமாக இருந்த ஊர். 2025 பிளஸ் டூவில் மாநிலத்திலேயே முதலிடம், 98.82 சதவீதம். முந்தைய ஆண்டு பத்தாம் வகுப்பில் முதலிடமும் அரியலூர்தான். வசதியான தனியார் பள்ளிகள் குவிந்து கிடக்கும் மாவட்டங்கள் அதற்குப் பின்னால் நிற்கின்றன. தமிழ்நாட்டில் கல்லூரிக்குப் போகும் வயதினரில் 47 சதவீதம் பேர் கல்லூரிக்குப் போகிறார்கள் என்று 2021-22க்கான அகில இந்தியக் கணக்கெடுப்பு சொல்கிறது. நாட்டின் சராசரி 28.4. அந்த 47இல் வீட்டிலேயே முதன்முறையாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் பெரும் பங்கு. மைக்கைப் பிடித்தவரின் பந்திக்கு வராமல் போனார்களே, அவர்களின் பேரப்பிள்ளைகள்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு கணக்கு உதைக்கிறது. 2023 மார்ச் 13ஆம் தேதி பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வு அன்று ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை. அந்த மாணவர்கள் 2021இல் கொரோனா காரணமாகத் தேர்வில்லாமலே பத்தாவதில் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டவர்கள். பலர் பள்ளிக்கு வருவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். பெயர் மட்டும் பட்டியலில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டுத் தேர்ச்சி 94.03 சதவீதம் என்று அறிவித்தார்கள். தேர்ச்சிச் சதவீதம் தேர்வு எழுதியவர்களை வைத்துப் போடுவது. வராதவர்கள் அதில் இல்லை.

பழைய பதிவேட்டில் ‘பெயர் நீக்கம்’ என்று நீல மையில் எழுதியதற்கும் இதற்கும் நடுவில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அன்று போனவர்கள் நூற்றுக்கு எழுபது எண்பது, இன்று சொற்பம். அதோடு அன்று போனவனைத் தேடி யாரும் போகவில்லை. இன்று பள்ளி மேலாண்மைக் குழு, தன்னார்வலர், வகுப்பாசிரியர் என்று யாராவது அவன் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். கதவைத் திறக்கும் அம்மா, “வேலைக்குப் போயிருக்கான் டீச்சர், ராத்திரிதான் வருவான்” என்கிறார். டீச்சர் செல்போன் நம்பர் வாங்கிக்கொண்டு திரும்புகிறார். தேர்வுக்கு முன் தயாராகும் நாமினல் ரோலில் அவன் பெயரை விடுவதா சேர்ப்பதா என்று ஹெச்.எம்முக்குத் தலைவலி. சேர்த்தால் ஆப்சென்ட், விட்டால் இடைநிற்றல். இரண்டில் எது மேலே இருப்பவர்கள் கண்ணில் படாது என்று பார்த்து முடிவெடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

மே மாதம் முடிவு வெளியாகும்போது எல்லாப் பத்திரிகைகளும் போடும் அட்டவணையில் எழுதியவர், தேறியவர், சதவீதம் என்று மூன்று பத்திகள் இருக்கின்றன. அதற்கு முன்னால் இன்னொரு பத்தி வேண்டும்: இந்த மாணவர்களோடு ஆறாவதில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர். தனியார் பள்ளிக்கும் அதே பத்தியைப் போட வேண்டும். நடுவில் டிசி கொடுத்து அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்பது அதில் தானாக வெளிவந்துவிடும். இதற்குப் புதிதாக எந்தக் கணக்கெடுப்பும் தேவையில்லை. ஆசிரியர்கள் உயிரைக் கொடுத்து ஏற்றிய விவரம் எல்லாம் எமிஸில் ஏற்கெனவே கிடக்கிறது.